கடைசி நான்கு இலக்கங்கள்

ஒவ்வொரு வீட்டிலும் பேசக் கூடாத பேச்சு ஒன்று இருக்கும். சில வீடுகளில் அது மாமியார். சில வீடுகளில் கோபித்துக்கொண்டு போன மச்சான். இந்த வீட்டில் அது நான்கு இலக்கங்கள்.

மனைவி அளப்பவள், கணவர் கணக்குப் போடுபவர். காசுக் கணக்கு இல்லை, அதில் மனிதர் சுத்த சூன்யம். உலகத்திலேயே எளிய அணு ஹைட்ரஜன். நடுவில் ஒரு புரோட்டான், அதைச் சுற்றி ஒரே ஒரு எலக்ட்ரான். அந்த எலக்ட்ரான் ஒரு படியிலிருந்து மேல்படிக்குத் தாவ எந்த அதிர்வெண் கொண்ட ஒளி வேண்டும் என்று காகிதத்திலேயே கண்டுபிடிப்பது அவர் பிழைப்பு. அதற்கு அவர் பிடித்துக்கொண்டிருக்கும் கோட்பாட்டுக்குக் குவாண்டம் மின்னியக்கவியல் என்று பெயர். அதே அணுவின் மேல் லேசரை அடித்து, அது நிஜமாகவே எந்த ஒளிக்குத் தாவுகிறது என்று பார்ப்பது அவள் பிழைப்பு. இரண்டும் ஒத்துப்போனால் கோட்பாடு பிழைத்தது. ஒத்துப்போகாவிட்டால் இயற்கையில் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது, அல்லது இருவரில் ஒருவர் தப்புப் பண்ணியிருக்கிறார். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

நண்பர்கள் அவளை அளவுக்காரி என்பார்கள், அவரைக் கணக்குக்காரர் என்பார்கள். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அந்த அதிர்வெண் பதினைந்து இலக்க எண். முதல் பதினொன்று எல்லோருக்கும் தெரிந்தது, புத்தகத்தைத் திறந்தால் கிடைக்கும். கடைசி நான்குதான் யாருக்கும் தெரியாது. இதுவரை யாரும் முடிக்காத ஒரு திருத்தத்தைக் கணக்குக்காரர் ஆறு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தார், அது முடிந்தால் கடைசி நான்கும் அவர் கைக்கு வரும். அளவுக்காரி அதே நான்குக்காகப் பதினொரு வருடமாக இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஆகவே சாப்பாட்டு மேசையில் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். இருவரும் முடிக்கும் வரை அவர் எண் அவள் காதில் விழக் கூடாது, அவள் எண் அவர் காதில் விழக் கூடாது. விடை தெரிந்துவிட்டால் கை தானாக அந்தப் பக்கம் சாயும். நல்லவர்கள் கையும் சாயும். இப்படியும் ஒரு தாம்பத்தியமா என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இந்த ஒப்பந்தத்தை நம்பித்தான் ஆய்வுக்கூடத்திலும் வேறு காவல் எதுவும் வைக்கவில்லை. விடையே யாருக்கும் தெரியாதபோது யாரிடமிருந்து எதை மறைப்பது?

கோளாறு கணக்குக்காரரின் தங்கை வடிவில் வந்தது. பாவம், அவள் மேல் தப்பில்லை. படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். வேறொரு நகரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று போன் வந்ததும், அண்ணன்காரர் அவளுடைய மருத்துவக் காகிதங்களையெல்லாம் ஒரு புதுப் பெட்டியில் அடுக்கி, பூட்டி, பத்திரமாகக் கதவருகே வைத்தார். பிறகு அந்தப் பெட்டியை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த அழுக்குத் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினார்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அவரிடமிருந்து போன்.

"இங்க பாரு, அந்தப் பெட்டியத் திறந்து, அவளோட பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டப் போட்டோ எடுத்து உடனே அனுப்பு. டாக்டர் பக்கத்துலயே நிக்கறார்."

"பூட்டியிருக்கே. நம்பர் என்ன?"

"ஏழு, பூஜ்யம், மூணு, எட்டு."

அவள் சக்கரங்களைத் திருப்பினாள். பெட்டி திறந்தது. ரிப்போர்ட்டைத் தேடி, படம் எடுத்து, அனுப்பி, நாத்தனாரிடமும் இரண்டு வார்த்தை பேசினாள். "அண்ணி, இவரு என் ரிப்போர்ட்டுக்குப் பதிலா தன்னோட அழுக்குச் சட்டையக் கொண்டுவந்திருக்காரு" என்று அவள் வலியோடு சிரித்தாள். போனை வைத்துவிட்டுப் பெட்டியை மூடப் போனவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கணவருக்கு எண்கள் நினைவில் நிற்காது. ஒரு அலுவலகத்தில் திருமண நாளைக் கேட்டபோது மாதத்தையே மாற்றிச் சொன்னவர். வீட்டு எண் மறந்து, அடுத்த வீட்டுப் பூட்டில் சாவியை நுழைத்துத் திட்டு வாங்கியவர். ஏதாவது ஒன்றுக்கு இரகசிய எண் வேண்டுமென்றால், அந்தச் சமயத்தில் தான் போட்டுக்கொண்டிருக்கும் கணக்கின் விடையைத்தான் வைப்பார். முன்பு அவருடைய வங்கி அட்டையின் எண் ஹீலியத்தைப் பற்றிய ஒரு கட்டுரையில் அச்சாகியே வந்துவிட்டது. ஹைட்ரஜன் கணக்கு முடிந்துவிட்டது என்று மட்டும் போன மாதம் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவர் ஒரு நொடிகூடத் தயங்காமல் நான்கு இலக்கத்தைச் சொல்கிறார் என்றால் அது என்ன எண் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சொன்னவருக்கு, தங்கையின் கவலையில், தான் என்ன சொன்னோம் என்பதே உறைக்கவில்லை.

ஏதோ பஸ் நம்பராக இருக்கும் என்று மனசைத் தேற்றிப் பார்த்தாள். மனசு தேறவில்லை.

அன்றைய நிலவரப்படி அவளுடைய கடைசி நான்கு 6142. பிழை ஏறக்குறைய 250 இருக்கலாம், அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ. அவர் எண்ணுக்கும் அவள் எண்ணுக்கும் இடையே கிட்டத்தட்ட தொள்ளாயிரம். இவ்வளவு தூரம் என்றால் ஏதோ ஒன்று தப்பு. செவ்வாய்க்கிழமை காலை ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும்போதே, தப்பு தன் பக்கம்தான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஏன் தன் பக்கம் என்று தோன்றியது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

தேடினால் தப்பு கிடைக்காத இயந்திரம் உலகத்தில் இல்லை. அவள் இயந்திரத்தில் அணுக்களின் வேகத்தைக் குறைக்க அவற்றை ஒரு செம்புக் குழாயின் முனை வழியாக விடுவார்கள். ஆய்வுக்கூடத்தில் அதற்கு மூக்கு என்று பெயர். அதை வைத்திருக்கும் குளிரில் ஹைட்ரஜனே உள்ளே பனியாகப் படிய ஆரம்பிக்கும். இருபது நிமிடத்தில் மூக்கடைப்பு வந்துவிடும். வேலையை நிறுத்தி, மூக்கைச் சூடாக்கி, பனியை விரட்டி, திரும்பக் குளிரவைத்து, மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை, எண்பத்து நான்கு நாள். அந்த இருபது நிமிடத்தில் எத்தனையாவது நிமிடம் வரை வந்த அளவுகளை நம்பலாம்? அடைப்பு மெல்ல மெல்லத்தான் ஏறும், இந்த நிமிடம் கெட்டது என்று எதுவும் எழுந்து நின்று சொல்லாது. அதுவரை தற்காலிகமாகப் பதினெட்டு நிமிடம் என்று வைத்திருந்தாள். இப்போது உற்றுப் பார்த்தபோது பதினான்காவது நிமிடத்திலேயே வந்து சேரும் அணுக்களின் எண்ணிக்கை தளர்வது தெரிந்தது. நிஜமாகவே தெரிந்தது. பதினான்கோடு வெட்டினாள். எண் 6905 ஆயிற்று.

அவளுக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது. அன்றோடு தப்புத் தேடுவதை நிறுத்திக்கொண்டாள்.

கணக்குக்காரர் பத்து நாளில் திரும்பி வந்தார், தங்கை கைத்தடியோடு நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்ற நல்ல செய்தியோடு. அளவுக்காரி எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, வேலை முடிந்தது, எண் வந்தது, அது ஒத்தும் போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் எல்லோரும் முதலில் தங்களிடமிருந்துதான் மறைக்கிறார்கள்.

ஒரு மாதம் போயிற்று. லேசரைப் பார்த்துக்கொள்பவர் கட்டுரை எழுத ஆரம்பித்திருந்தார். நாற்பது வயதுக்காரர், அளவுக்காரியோடு ஒன்பது வருடமாகக் குப்பை கொட்டுகிறவர். லேசரின் கண்ணாடியைத் திருகும்போது மூச்சுக்கூட விடமாட்டார். திருகி முடித்ததும் ஒரு பெருமூச்சு வரும், ஆய்வுக்கூடமே அதைக் கேட்டுத்தான் காபிக்குக் கிளம்பும்.

"அக்கா, அந்தப் பதினாலு நிமிஷத்துக்கு ஒரு பத்தி எழுதிக் குடுங்களேன். ஏன் பதினாலுன்னு கேப்பாங்க."

"இதுக்கென்ன, அஞ்சு நிமிஷத்துல தர்றேன்."

உட்கார்ந்து எழுதினாள். எண்ணிக்கை தளர்கிறது என்று எழுதினாள். வேகம் மாறுவதற்கான அறிகுறி என்று எழுதினாள். மூக்கின் வெப்பநிலை அந்த நேரத்தில் ஒரு துளி ஏறுகிறது, மற்றொரு குழுவும் இதுபோல் வெட்டியிருக்கிறது, எதற்கும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. எழுதிப் படித்துப் பார்த்தாள். ஐந்து காரணங்கள். பதினொரு வருடத்தில் அவள் எடுத்த நல்ல முடிவுகள் எதற்கும் ஒரு காரணத்துக்கு மேல் தேவைப்பட்டதில்லை. குறிப்பேட்டைப் புரட்டி, பதினான்கு என்று முடிவு செய்த தேதியைப் பார்த்தாள். வியாழக்கிழமை. போன் வந்து மூன்று நாள் கழித்து.

காரணங்கள் பொய்யில்லை, அதுதான் கொடுமை. எண்ணிக்கை தளர்ந்தது உண்மை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை போன் வராமலிருந்தால் அதைப் பார்த்திருப்பாளா? பார்த்திருந்தாலும் பதினாறில் வெட்டியிருப்பாளா, விட்டிருப்பாளா? தெரியவில்லை. ஹெர்ட்ஸ் கணக்கில் அணுவை அளக்கிறவளுக்குத் தன் மனசு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது என்று அளக்கக் கருவி இல்லை. சொன்னால் பதினொரு வருடத்து எண்ணை அவள் வாயால் சொல்ல முடியாது, அவள் கை படாமல் வேறு யாரோதான் கண்டுபிடிக்க வேண்டும். சொல்லாவிட்டால் கணவன் மனைவி இரண்டு பேர் பெயரும் சேர்ந்து உலகம் முழுக்கப் பேசப்படும். அவள் சபலப்படவில்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். காகிதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்து லேசர் மேசைக்குப் போனாள்.

"தம்பி, எனக்கு அவரோட எண் தெரியும்."

அவர் திருகுளியைக் கீழே வைத்தார். "யாரோட எண்?"

"வீட்டுக்காரரோடது. ஒரு மாசமாத் தெரியும். வாய் தவறிச் சொல்லிட்டாரு. அது தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் பதினாலுன்னு வெட்டினேன். அந்த எண் என்னன்னா..."

"ஐயோ, சொல்லிடாதீங்க!" லேசர்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அந்த நிலையிலேயே கோபமும் வந்துவிட்டது. காதைப் பொத்திக்கொண்டு கோபப்படுவது எளிதில்லை, கத்தித்தான் ஆக வேண்டும். "இந்த வருஷக் கடைசியோட என் வேலை முடியுது அக்கா! கட்டுரை வரலன்னா நான் எங்க போய் நிக்கறது? நாலு எண்ணுதானே? மறந்துடுங்களேன்!"

"மறக்கத்தான் ஒரு மாசமாப் பாக்கறேன்."

"சரி, பழையபடி பதினெட்டுக்கே போயிடலாம். கணக்குத் தீந்துது."

"பதினெட்டும் யோசிச்சு வெச்சதில்ல தம்பி. இப்ப நான் பதினெட்டுன்னு சொன்னா, நான் யோக்கியம்னு காட்டறதுக்குச் சொன்னதா ஆயிடும். நான் எந்த நிமிஷத்தச் சொன்னாலும் அதுல அந்த எண் இருக்கும்."

லேசர்காரர் காதிலிருந்து கையை எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர், அவ்வளவுதான். கடைசியில் அவரேதான் வழி சொன்னார். அடுத்த கட்டடத்தில் வேறு அணுவோடு வேலை செய்கிற இருவர் இருக்கிறார்கள். அளவுகள் எல்லாவற்றோடும் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு எண்ணைக் கூட்டி அவர்களிடம் கொடுத்துவிடுவது. எங்கே வெட்டுவது என்று அவர்கள் முதலிலிருந்து முடிவு செய்யட்டும். எல்லாம் முடிந்த பிறகு கூட்டியதைக் கழித்தால் போதும். ஏழெட்டு மாதம் ஆகும். அதுவரை அளவுக்காரி அந்தக் கோப்புகள் பக்கமே வரக் கூடாது.

"கட்டுரையில காரணத்த எழுதணும்," என்றாள் அவள்.

"எழுதினா ஒரு மாதிரி இருக்குமே அக்கா."

"இருக்கட்டும்."

தன்னுடைய கடவுச்சொல்லை அவர் முன்னாலேயே ரத்து செய்துவிட்டு, மேசையிலிருந்த காபிக் கோப்பையை எடுத்துக் கழுவி வைத்தாள். பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வருவது போலிருந்தது, அதை அவள் வெளியே காட்டிக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவர் சட்டையைப் பாதியில் விட்டார்.

"நானா சொன்னேன்? எப்போ?"

"பெட்டி நம்பர் கேட்டேனே."

அவர் முகம் வெளுத்தது. தலையில் அடித்துக்கொண்டார். "என் புத்தியச் செருப்பால அடிக்கணும். பதினோரு வருஷம். உன்னோட பதினோரு வருஷத்த ஒரு பூட்டுல வெச்சுப் பூட்டிட்டேன்." நிஜமாகவே கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. அவள்தான் தேற்ற வேண்டியிருந்தது. கடைசியில் அவளுக்கும் கோபம் வந்து, அவர் மறந்த தேதிகளையெல்லாம் வரிசையாகச் சொல்லித் திட்டினாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

திட்டு ஓய்ந்து கொஞ்ச நேரம் கழித்து, அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. எண்ணு வேண்டாம். கிட்ட வந்துதா?"

அவள் வாயைத் திறந்தாள். ஆறு வருடம் தனியாக உட்கார்ந்து போட்ட கணக்கு. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் இன்று அவர் நிம்மதியாகத் தூங்குவார். அதைச் சொல்ல அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் 6905 வந்த அன்று தனக்கு வந்த நிம்மதி நினைவுக்கு வந்தது. அந்த நிம்மதி வந்த அடுத்த நிமிடமே அவள் தேடுவதை நிறுத்தியிருந்தாள். அவரும் நிறுத்திவிடுவார்.

"சொல்ல மாட்டேன்," என்றாள்.

"சரி, சொல்லாதே. மூஞ்சியப் பாத்தாத் தெரிஞ்சுடப் போவுது."

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். அவளைப் பொறுத்தவரை அது ரொம்பவே உண்மை, பொய் சொன்னால் காது முதலில் சிவக்கும். ஆகவே முகத்தைக் கட்டிக்காப்பது அவளுடைய புது வேலையாயிற்று. அவர் கணக்குத் தாள்களோடு மேசைக்கு வந்தால் அவள் எழுந்து பாத்திரம் துலக்கப் போனாள். அவர் சோர்ந்து உட்கார்ந்தால் ஆறுதல் சொல்லவில்லை, ஆறுதல் சொன்னால் அதுவும் துப்பு. உற்சாகமாக இருந்தால் கூடச் சிரிக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஏழு மாதம். நாத்தனார் போன் செய்து, "என்ன அண்ணி, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்றுகூடக் கேட்டுவிட்டாள். ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பம்புகளுக்கு எண்ணெய் மாற்றுவதும் பழைய குழாய்களைத் துடைப்பதும்தான் மிச்சம். அந்த மாதங்களில் அவள் சந்தோஷமாக இல்லை.

ஏழு மாதம் முடிந்து, எண்ணைத் திறக்கும் நாள் வந்தது. கூட்ட அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். கணக்குக்காரரும் தன் எண்ணை ஒரு தாளில் எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அடுத்த கட்டடத்து இருவரும் பதினேழு நிமிடம் என்று வெட்டியிருந்தார்கள், அதற்கு ஒரே ஒரு காரணம் சொன்னார்கள். லேசர்காரர் பலகையில் அவர்கள் எண்ணை எழுதி, அதன் கீழே தான் கூட்டியிருந்த இரகசிய எண்ணை எழுதி, மூச்சுவிடாமல் கழித்தார்.

6210.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அளவுக்காரி அந்த எண்ணை இரண்டு தடவை படித்தாள். ஆக, பதினான்கு என்று தான் வெட்டியது தப்பு. தன் கண் தன்னை ஏமாற்றியிருக்கிறது. அது போகட்டும். இப்போது அவர் எழுந்து போய் 7038 என்று எழுதப் போகிறார், இத்தனை பேர் முன்னால். அவர் அளவுக்கு இதற்காக உழைத்தவர் இல்லை. ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லித் தயார்ப்படுத்தியிருக்கலாமோ என்று அவள் துடித்துப்போனாள்.

கணக்குக்காரர் பலகைக்குப் போய்த் தாளைப் பிரித்தார். சுண்ணக்கட்டியை எடுத்து எழுதினார்.

6094.

யாரோ கைதட்டினார்கள். லேசர்காரரிடமிருந்து அந்தப் பெருமூச்சு வந்தது. அவளுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. ஏழு மாதமாக முகத்துக்குப் பின்னால் தூக்கிச் சுமந்த எண் பலகையில் எங்கேயும் இல்லை.

திரும்பி வரும் வழியில் அவரே சொன்னார்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி கண்டுபிடிச்சேன். ஒரு இடத்துல கூட்டலுக்குக் கழித்தல் போட்டிருந்தேன். நாலு வருஷமா அங்கயே உக்காந்திருந்துது."

"எங்கிட்டச் சொல்லவே இல்லயே."

"எப்படிச் சொல்றது? ஒப்பந்தம் இருக்குல்ல?"

அவள் நின்றுவிட்டாள். தெருவில் ஆட்கள் விலகிப் போனார்கள்.

"முடிச்சுட்ட கணக்க எதுக்குத் திரும்பத் தோண்டினீங்க?"

"நீ ஒண்ணும் சொல்லலியே. மொதல்ல, தூரமாத்தான் இருக்கும், அதான் பேசலன்னு நெனச்சேன். மறுநாள் இல்ல, கிட்டத்தான்னு தோணிச்சு. உன் மூஞ்சில எதுவுமே தெரியல. அப்புறம் தூக்கம் எங்க? உக்காந்து மொதல் பக்கத்துலேர்ந்து பாத்தேன்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுக் கேட்டார், "அன்னிக்கு நான் கேட்டப்போ, கிட்ட இருந்துதா?"

"இருந்துது," என்றாள் அவள். "ரொம்பக் கிட்ட."

அன்று அவள் ஆமாம் என்றிருந்தால் அவர் தோண்டியிருக்கவே மாட்டார், அந்தத் தப்பு இன்றும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதன் அர்த்தம் அவருக்கு மெல்ல மெல்லப் புரிவதை அவள் பார்த்துக்கொண்டே நடந்தாள். பிறகு நடுத்தெருவில், யார் பார்க்கிறார்கள் என்ற கவலையில்லாமல், ஏழு மாத அழுகையை அழுது தீர்த்தாள்.